தசைக்குப் படிக்கத் தெரியாது

"பதினெட்டு," என்றார் அய்யனார்.

"இருபது," என்றார் தைரியநாதன்.

"மெஷின் பதினெட்டுங்குது சார்."

"தட்டுல இருபதுன்னு போட்டிருக்கேப்பா!"

"தட்டு ஆயிரம் சொல்லும். மெஷின் பொய் சொல்லுமா?"

மந்தாரக்குப்பத்தில் அய்யனாரின் பழைய இரும்புக் கடை வாசலில், எலக்ட்ரானிக் தராசின் மேல் ஒரு பளுத்தட்டு மல்லாந்து கிடந்தது. நடுவில் விரிசல் விட்டு, இனிமேல் தூக்க லாயக்கில்லை என்று எடைக்குப் போட வந்த தட்டு. அதன் முகத்தில் கொட்டை எழுத்தில் 20. தராசுக் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் 18. இரண்டையும் மாறி மாறிப் பார்த்த தைரியநாதன் ஓரடி பின்வாங்கினார்.

பெயரைப் பார்த்து யாரும் ஏமாந்துவிட வேண்டாம். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு மனமகிழ் மன்றத்து ஜிம்முக்கு அவர் மாஸ்டர். ஆள் நல்ல கட்டுமஸ்து. ஆனால் சுவரில் பல்லி கத்தினால் சிலுவை போட்டுக்கொள்கிற ஜாதகம். ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் பெயரை மட்டும் வைத்துவிட்டு, உள்ளே சரக்கு வைக்க மறந்துவிட்டார் என்பது அவர் மனைவி லூர்துமேரியின் கட்சி. போதாக்குறைக்கு வேலையும் கான்ட்ராக்ட். வருஷா வருஷம் புதுப்பிக்கிற மாதம் வந்துவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

"விரிசல் வழியா ரெண்டு கிலோ சிந்திடுச்சோ என்னவோ," என்று அய்யனார் சிரித்தார்.

தைரியநாதன் சிரிக்கவில்லை. வண்டியைக் கிளப்பி நேரே ஜிம்முக்குப் போனார். மத்தியான வேளை, ஈ காக்கை இல்லை. விரிசல் இல்லாத தட்டாக ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இதையும் எடை போடு."

"விக்கவா சார், வாங்கவா?"

"ரெண்டும் இல்ல. சும்மா போடு."

அய்யனார் தலையைச் சொறிந்தார். கடையின் மூலையில் கோணி போட்டு மூடியிருந்த இன்னொரு மெஷினை ஒரு தரம் பார்த்தார். முன்னால் இருந்த மெஷினை ஒரு தரம் பார்த்தார்.

"நம்ம கடைக்கு வர்றவங்க ஒண்ணு விப்பாங்க, இல்லாட்டி வாங்குவாங்க. சும்மா எடை போட யாரும் வந்தது இல்ல சார்."

"சீக்கிரம் போடுய்யா, யாராவது பாத்துடப் போறாங்க!"

அவசரப்படுத்தினால் மனுஷன் என்ன செய்வான்? கைக்கு எட்டிய மெஷினிலேயே போட்டார். பதினெட்டு.

அன்றைக்கும் மறுநாளுமாக ஜிம்மிலிருந்த தட்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சாக்குக்குள் ஒளிந்து மந்தாரக்குப்பம் யாத்திரை போய் வந்தன. இருபது என்று போட்டதெல்லாம் பதினெட்டு. பத்து என்று போட்டதெல்லாம் ஒன்பது. இம்மி பிசகவில்லை.

"கிலோவுக்கு நூறு கிராம் அடிச்சிருக்கான் தட்டு வித்த படுபாவி," என்று தைரியநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இரும்புலயுமா கலப்படம்!"

"காலம் அப்படி சார். யாரையும் நம்ப முடியறதில்ல," என்று அய்யனார் உச்சுக் கொட்டினார்.

தட்டு குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும், இதற்கு ஏன் இவ்வளவு நடுக்கம் என்று கேட்பீர்கள். காரணம் சங்கீதா.

சங்கீதா பிளஸ் டூ படிக்கிற பெண். மைன்ஸில் மண்வெட்டி இயந்திரம் ஓட்டுகிற துரைராஜின் ஒரே மகள். அவள் செய்வது டெட்லிஃப்ட். இரண்டு பக்கமும் தட்டு மாட்டித் தரையில் கிடக்கிற இரும்புப் பாரைக் குனிந்து பிடித்து, முட்டியும் இடுப்பும் நிமிர நின்று காட்ட வேண்டும். கேட்பதற்கு இவ்வளவுதான், தூக்கினவர்களுக்குத்தான் அருமை தெரியும். கடலூரில் நடக்கப்போகிற மாவட்டப் போட்டியில் அவளுடைய எடைப் பிரிவில் நூற்றிருபது கிலோ தூக்கினால் மாநில அணி. மாநில அணி என்றால் சென்னையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டு. அந்தச் சீட்டை நினைத்துத்தான் அவள் இரண்டு வருஷமாகப் பாரைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

ஜிம்மில் அவள் நூற்றிருபதைத் தூக்கிவிட்டாள். தைரியநாதன் ஆயுத பூஜை மேடையில் மைக்கைப் பிடித்து, "நம்ம சங்கீதா ஏற்கெனவே நூற்றிருபது தூக்கியாச்சு!" என்று முழங்கிவிட்டார். மன்றத்துச் செயலாளர் நெடுமாறன் எழுந்து கை தட்டினார். இப்போது கணக்குப் பார்த்தால் அது நூற்றிருபது இல்லை. பாருடைய எடை இருபதைத் தள்ளிவிட்டால் தட்டு மட்டும் நூறு. நூற்றுக்குப் பத்து போனால் மிச்சம் தொண்ணூறு. ஆக, பெண் தூக்கியது நூற்றிப்பத்துதான். தட்டுகளைப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்தவர் யார் என்று விசாரணை வைத்தால், அதுவும் தைரியநாதன்தான்.

கடலூரில் மேடை ஏறி அந்தப் பெண் பாரைப் பிடிப்பாள், பார் அசையாது, நெடுமாறன் தன்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை அப்போதே முதுகில் குத்தியது. அதைவிட மோசம், துரைராஜும் திரும்பிப் பார்ப்பார். துரைராஜின் ஒவ்வொரு கையும் ஒரு முறம்.

உண்மையைச் சொல்லிவிட்டால் தொல்லை விட்டது. ஆனால் பயந்தவன் வாயில் உண்மை எப்போது வந்திருக்கிறது? அதற்கு அவர் ஒரு விஞ்ஞானக் காரணமும் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார். சங்கீதாவுக்கு அவரே ஆயிரம் தடவை பாடம் எடுத்திருக்கிறார்.

"பலம்ங்கறது சதையில பாதிதாம்மா. மீதி நரம்புல இருக்கு. சதைக்குள்ள இருக்கிற நாரையெல்லாம் ஒண்ணா எழுப்பி விடறது நரம்பு. பயந்தா நரம்பு பாதி நாரைத்தான் எழுப்பும். அதனால பாரைப் பாத்துப் பயப்படக் கூடாது. தட்டுல என்ன எழுதியிருக்குன்னு பாக்காதே. தசைக்குப் படிக்கத் தெரியாது. எவ்வளவு கனம் வருதோ, அதுக்குத் தகுந்த மாதிரி அது பாட்டுக்கு வளரும்."

தசைக்குப் படிக்கத் தெரியாதுதான். மனசுக்கு நன்றாகத் தெரியுமே! நீ தூக்கினது நூற்றிப்பத்துதான் என்று தெரிந்தால் பெண் பயந்துவிடுவாள், நரம்பு படுத்துவிடும். ஆகவே அவளுக்குத் தெரியாமல் தட்டுகளை நேராக்கிவிடுவது. சிறுகச் சிறுக ஏற்றினால் உடம்பு தானே பழகிக்கொள்ளும். இந்த முடிவுக்கு வந்ததும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அவருடைய சித்தப்பா மகன் சைமன்ராஜ் கிரில் பட்டறை வைத்திருந்தான். தைரியநாதன் சாக்கைப் பிரித்தார்.

"தட்டுக்குப் பின்பக்கம் இரும்பு வளையம் வெச்சு வெல்டிங் அடி. மேல கறுப்பு பெயிண்ட். வெளியில தெரியக் கூடாது."

"எதுக்குண்ணே?"

"கேக்காதடா."

"போலீஸ் கேஸ் ஏதும் இல்லியே?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் அண்ணனுக்குக் குப்பென்று வேர்த்தது. அதைப் பார்த்துத் தம்பிக்கும் வேர்த்தது. வேர்க்க விறுவிறுக்க முதலில் பத்து கிலோத் தட்டுகளை முடித்தார்கள். அய்யனார் மெஷினில் 10 என்று வருகிறவரைக்கும் வளையத்தைத் தேய்த்தும் சேர்த்தும் சரிக்கட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து இருபது கிலோவில் ஒரு ஜோடி. இன்னும் கொஞ்ச நாள் கழித்து அடுத்த ஜோடி.

அய்யனார் ஒவ்வொரு தடவையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"எடைக்குப் போடறதுக்கு மின்னாடி மண்ண ஏத்திக்கினு வர்றவன பாத்திருக்கேன். கல்ல சொருவிக்கினு வர்றவன பாத்திருக்கேன். இரும்புக்கு இரும்பையே வெல்டு வெச்சு ஏத்தற ஆள இப்பத்தான் சார் பாக்கறேன்."

"விக்கறதுக்கு இல்லன்னு சொன்னேனேப்பா."

"அதாஞ் சார் எனக்கும் வெளங்கல."

பிள்ளையார் பிடிக்கப் போனால் குரங்கு வரும் என்று தெரிந்தும் பிடிக்காமல் இருக்க முடிகிறதா? முதல் ஜோடி மாறின வாரமே சங்கீதா பாரை வைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள்.

"மாஸ்டர், இன்னைக்கு பார் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

"நேத்து சரியா தூங்கியிருக்க மாட்டே."

"நல்லாத்தான் தூங்கினேன்."

"அப்ப ஜாஸ்தி தூங்கிட்டே."

அடுத்த ஜோடி மாறினதும் நூற்றிருபது எழவில்லை. நூற்றிப்பதினைந்து எழுந்தது, முட்டியோடு நின்றது. மூன்றாவது ஜோடிக்கு அப்புறம் நூற்றிப்பத்தைத் தூக்கவே பெண் பல்லைக் கடித்தாள். இதோ, உண்மை வெளியே வந்துவிட்டது, இதுதான் இவளுடைய அசல் பலம் என்று தைரியநாதன் நினைத்துக்கொண்டார். நூற்றிப்பத்து! போட்டிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சு மாஸ்டர். பலம் இறங்கிக்கிட்டே போகுது," என்று சங்கீதா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அந்த அழுகை மனிதரை அறுத்தது. வாய்வரைக்கும் வந்தது உண்மை. "அம்மாகிட்ட சொல்லி நல்லா சாப்பிடு. சதைக்குப் புரதம் வேணும்," என்று சொல்லி அதை விழுங்கிவிட்டார்.

சொன்னதுதான் தாமதம். அவள் அம்மா அம்சவல்லி குவார்ட்டர்ஸே மணக்கிற மாதிரி ஆட்டுக்கால் சூப்பு வைத்தாள். காலையில் சூப்பு, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முட்டை, படுக்கப் போகும்போது நெய் ஊற்றின களி. கண்ணு பட்டிருக்கும் என்று மிளகாய் உப்பு சுற்றிப் போட்டாள். அதிலும் திருப்தி இல்லாமல் ஒருநாள் ஜிம்முக்கே வந்து பாரின் நடுவில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டுப் போனாள்.

"எலுமிச்சம்பழ எடையும் சேந்து கனக்குது மாஸ்டர்," என்றாள் சங்கீதா. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள்.

சூப்பு வேலை செய்தது. அறுபத்து மூன்று கிலோப் பிரிவில் பெயர் கொடுத்திருந்த பெண் அறுபத்து நாலரை ஆகிவிட்டாள். எடை கூடினால் மேடையே ஏற முடியாது. தைரியநாதன் ஓடினார் அம்சவல்லியிடம்.

"கொஞ்சம் சோத்தைக் குறைங்கம்மா."

"நீங்கதானே நல்லா குடுக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப குறைக்கச் சொல்றேன்."

"பட்டினி போட்டா பலம் எங்கேர்ந்து வரும் மாஸ்டர்? நீங்க பாடம் எடுக்கறீங்களா, எம்பொண்ண வெச்சு பாடம் படிக்கிறீங்களா?"

சோறு குறைந்தது. சங்கீதாவின் முகம் சுண்டியது. நூற்றிப்பத்தும் ஆட்டம் கண்டது.

அதற்கடுத்த வாரம் ஒரு சாயங்காலம் துரைராஜ் ஷிப்ட் முடிந்து, ஹெல்மெட்டும் பூட்சுமாக, உடம்பெல்லாம் நிலக்கரித் தூசியோடு ஜிம் வாசலில் வந்து நின்றார். வாசலில் வெளிச்சமே வரவில்லை. தைரியநாதன் மனசுக்குள் புனித அந்தோணியாரைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், எம்பொண்ணுக்கு என்னாச்சுங்க?"

"ஒண்ணும் இல்லையே. ஏன்?"

"விடியக்காலைல எழுந்து தோட்டத்துல கேஸ் சிலிண்டர தூக்கிக்கினு நிக்குதுங்க. இறக்குது, ஏத்துது, இறக்குது, ஏத்துது. வூட்டுல காப்பி போட அடுப்பு எரியல. கேட்டா பலம் போயிடுச்சு, எப்படியாச்சும் திரும்பி எடுக்கணும்னு அழுவுது. ஆஸ்பத்திரில ரத்தம் பாத்தேன். டாக்டரு, இந்த ரத்தத்துல பாதி எனக்கு இருந்தாப் போதும்கிறாரு."

ஜிம்மிலும் தூக்கி, தோட்டத்திலும் தூக்கி, சோறும் குறைந்தால் உடம்பு தேறுவது எப்போது? தசை வளர்வது தூக்குகிற நேரத்தில் இல்லை, ஓய்வெடுக்கிற நேரத்தில்தான். இதெல்லாம் தைரியநாதனுக்கு மனப்பாடம். இந்தக் கூத்துக்கு மூலம் தன்னுடைய வெல்டிங் என்பதும் மனப்பாடம்.

துரைராஜ் குனிந்து, கீழே கிடந்த தட்டு ஒன்றை ஒற்றைக் கையால் எடுத்தார். எடுத்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"இது எவ்ளோங்க?"

"இருபதுங்க. போட்டிருக்கு பாருங்க."

"மாசா மாசம் அரிசி சிப்பத்த தோள்ல போட்டுக்கினு மாடி ஏர்றவன் நானு. சிப்பம் இருபத்தஞ்சு. இது அதுக்குத் தம்பி கணக்கால்ல இருக்குது!"

தட்டைத் திருப்பினால் வளையம் தெரியும். தைரியநாதன் பாய்ந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கின வேகத்தில் அதைத் தன் கால் கட்டைவிரல் மேலேயே போட்டுக்கொண்டார்.

"ஷிப்ட்... முடிச்சு வந்த... அலுப்புங்க," என்றார், கண்ணில் நீர் முட்ட. "அலுப்புல நரம்பு ஓய்ஞ்சுடும். அப்ப இருபதும் இருபத்தஞ்சு மாதிரி தெரியும். விஞ்ஞானம் அப்படித்தான் சொல்லுது."

"விஞ்ஞானம் சொன்னா சரிதாங்க." துரைராஜ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "ஆனா ஒண்ணு மாஸ்டர். எம்பொண்ணு கடலூர்ல எல்லாருக்கும் எதிர்ல அழுதுச்சுன்னா, நான் அப்புறம் எந்த விஞ்ஞானத்தையும் கேக்க மாட்டேன்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தைரியநாதனுக்கோ அன்றைக்கு நல்ல வெளிச்சத்திலேயே பேய் தெரிந்தது. கட்டைவிரல் வீங்கி, நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவரை லூர்துமேரி ஏற இறங்கப் பார்த்தாள்.

"மத்தியானம் மத்தியானம் சாக்கு மூட்டையோட எங்கேயோ போறீங்களாம். இப்ப கால் நொண்டுது. எங்கேயாவது திருடப் போறீங்களா?"

"திருடலடி. எடை போட்டுட்டு வர்றேன்."

சொல்லிவிட்டு, கட்டைவிரலுக்குத் தைலம் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அந்தப் பெண் பாரோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை. ஜிம்மைப் பூட்டினார். பெயிண்ட் அடிக்கப் போவதாக வாசலில் அட்டை மாட்டினார்.

"ஒரு வாரம் எதையும் தூக்காதே. சிலிண்டரைத் தொடாதே. சாப்பிடு, தூங்கு, போதும்," என்றார் சங்கீதாவிடம்.

"இருக்கிற பலமும் போயிடுமே மாஸ்டர்."

"போகாது," என்றார். போனாலும் தன் கண்முன்னால் போகாமல் இருந்தால் சரி என்பது உள்ளே ஓடியது.

கடலூர் போகிற அன்று பஸ்ஸில் துரைராஜ் ஒருபக்கம், சங்கீதா ஒருபக்கம், நடுவில் தைரியநாதன். வடலூர் நாலுமுனையில் பஸ் நின்றபோது சேத்தியாத்தோப்பு பஸ் ஒன்று பக்கத்தில் புறப்பட்டுக்கொண்டிருந்தது. இறங்கி அதில் ஏறிவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அங்கே அவருக்கு யாரையும் தெரியாது, அவரையும் யாருக்கும் தெரியாது. அவ்வளவு நல்ல ஊர். எழுந்திருக்கப் பார்த்தார்.

"எங்கேங்க?" என்றார் துரைராஜ், தொடையில் ஒரு முறத்தை வைத்து.

"சோடா..."

"குள்ளஞ்சாவடில குடிச்சுக்கலாம், உக்காருங்க."

எடை பார்க்கிற இடத்தில் பெண் அறுபத்து மூன்றுக்கு ஒரு மயிரிழை கீழே நின்று தப்பித்தாள். மேடையில் மூன்று வாய்ப்பு உண்டு. முதல் வாய்ப்புக்கு தைரியநாதன் நூற்றைந்து என்று பதிந்துவிட்டு வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நெடுமாறன் புருவத்தை உயர்த்தினார்.

"என்ன மாஸ்டர், நூற்றைந்தா? நூற்றிருபது பொண்ணுக்கு?"

"ஒரு பாதுகாப்புக்குங்க."

சங்கீதாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் கையில் சுண்ணாம்புத் தூளைத் தேய்த்துக்கொண்டு, சாகப் போகிறவள் மாதிரி மேடை ஏறினாள். தைரியநாதன் தூணுக்குப் பின்னால் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் கூட்டம் ஓவென்று கத்தியது. கண்ணைத் திறந்து பார்த்தால், பெண் பாரை இடுப்பில் ஏந்திக்கொண்டு, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி நிற்பவள் போல் நின்றாள். முகத்தில் மட்டும் ஒரே குழப்பம்.

பாரை இறக்கி வைத்தவள் கீழே வரவில்லை. நடுவர் பக்கம் கையை உயர்த்தினாள்.

"சார், இந்தத் தட்டுல ஏதோ தப்பு இருக்கு."

"என்னம்மா தப்பு?"

"கனமே இல்ல சார். எடை கம்மியா இருக்கு. யாரோ உங்கள ஏமாத்தியிருக்காங்க."

அரங்கமே சிரித்தது. தட்டு கனக்கிறது என்று புகார் சொன்னவர்கள் உண்டு. கனக்கவில்லை என்று புகார் சொன்ன முதல் பிறவி இவள்தான். தூணுக்குப் பின்னால் தைரியநாதனுக்கு உயிர் பாதி போய்விட்டது. தட்டு, எடை, ஏமாற்று! பேச்சு எங்கே போகிறது பாருங்கள். நடுவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே முத்திரை போட்ட தராசை வரவழைத்து, எல்லாருக்கும் எதிரில் தட்டை வைத்துக் காட்டினார்.

"இருபது. கரெக்டா இருபது. திருப்தியா?"

சங்கீதா தட்டைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. அதைத் தைரியநாதன் தூணுக்குப் பின்னாலிருந்தே பார்த்தார்.

இரண்டாவது வாய்ப்புக்கு அவள் அவரைக் கேட்கவே இல்லை. "நூற்றிருபது," என்று தானே சொன்னாள். தூக்கினாள். மூன்றாவதற்கு, "நூற்றி இருபத்தேழரை," என்றாள். தைரியநாதன் வேண்டாம் வேண்டாம் என்று தூணுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பார் மெதுவாக எழுந்தது, முட்டியில் ஒரு கணம் நின்றது, மேலே போனது. தூக்கியது செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தது. துரைராஜ் நாற்காலி மேல் ஏறி நின்று விசில் அடித்தார். நாற்காலி உடைந்தது.

தைரியநாதன் தூணைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பயம் தெளிந்த அழுகை, பெண் ஜெயித்த அழுகை, இரண்டும் கலந்து வந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில், துரைராஜ் தூங்கின நேரம் பார்த்து, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டார். தட்டு குறைந்தது, வளையம் வைத்தது, பெயிண்ட் அடித்தது எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் யோசித்தாள்.

"ஒரு சந்தேகம் மாஸ்டர். நீங்க தட்டைச் சரியான எடைக்குத்தானே கொண்டுவந்தீங்க? அப்ப நம்ம கிளப்புல நூற்றிப்பத்துக்கே தடுமாறின நான், இங்கே எப்படி நூற்றி இருபத்தேழரை தூக்கினேன்?"

தைரியநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பயம் போனதும் விஞ்ஞானம் திரும்பி வந்துவிட்டது.

"அதுதாம்மா ஓய்வோட மகிமை. போட்டிக்கு முன்னாடி பாரத்தைக் குறைச்சு, உடம்பைத் தேற விடணும். அலுப்புக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற பலம் மேல வரும். அதுக்காகத்தானே ஜிம்மையே பூட்டினேன்?"

"பெயிண்ட் அடிக்கறேன்னு சொன்னீங்க."

"உன்கிட்ட விஞ்ஞானத்தைச் சொன்னா நீ பயந்துடுவியோன்னுதான்."

மன்றத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். தைரியநாதன் மைக்கைப் பிடித்து, ஓய்வின் விஞ்ஞானம் பற்றி அரைமணி நேரம் விளாசினார். நெடுமாறன் அவருடைய கான்ட்ராக்டை மேடையிலேயே புதுப்பித்தார். சங்கீதாவின் சென்னைக் காலேஜ் சீட்டு ஏறக்குறைய உறுதி என்று அறிவித்தார்கள். அம்சவல்லி மாஸ்டருக்கு ஒரு தூக்கு நிறைய ஆட்டுக்கால் சூப்பு கொடுத்தாள். தைரியநாதனுக்குத் தன் பெயர் தனக்குப் பொருந்துவதாக முதல் தடவையாகத் தோன்றியது.

மறுநாள் காலையில் அவர் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு மந்தாரக்குப்பம் போனார். சாக்கு இல்லை, ஒளிவு மறைவு இல்லை, பட்டப்பகலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

"அய்யனாரு, எடுத்துக்கோப்பா. உன் மெஷின்தான்யா என் கண்ணைத் திறந்துச்சு!"

"என் மெஷினா? என்னா சார் சொல்றீங்க?"

தைரியநாதன் பெட்டியைத் திறந்து நீட்டியபடியே, கதை முழுவதையும் ஒன்று விடாமல் சொன்னார். அய்யனார் மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு கேட்டார். தட்டு பதினெட்டு என்று நம்பி வளையம் வைத்த இடம் வந்ததும் அவர் வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது. கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அய்யோ சார், நெசமான எடை பாக்கத்தான்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அது நாங்க பழைய இரும்பு வாங்கறதுக்குன்னு வெச்சிருக்கற மெஷின் சார், கிலோவுக்கு நூறு கிராம் அதுவே முழுங்கிடும்!"